கேட்கத் தகுந்த கூச்சல்

2020 மார்ச் 31ஆம் திகதி இலங்கைச் சுகாதார அமைச்சு தனது கொவிட்-19 வழிகாட்டலைத் திருத்தியது. சில நாள்களுக்கு முன் வந்த பிரதி, தொற்றினால் இறந்தவர்களின் உடலைத் தகனம் செய்யவும் அடக்கம் செய்யவும் இடம் கொடுத்திருந்தது. திருத்திய பிரதியில் தகனம் மட்டுமே எஞ்சியது. மறுநாள், ஏப்ரல் 1ஆம் திகதி, பொலிஸ் தரப்பிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள அரச அதிகாரிகளைச் சமூக வலைத்தளங்களில் விமர்சிப்பவர்களும் அவர்களின் சிறு குறைகளைச் சுட்டிக்காட்டுபவர்களும் கைது செய்யப்படுவார்கள் என்றது அது. விதி மாறிய மறுநாளே அந்த விதியைப் பற்றி வாய் திறப்பதும் ஆபத்தாகிவிட்டது.

இதே காலத்தில் உலகின் சுகாதாரத் துறையில் நேர் எதிரான ஒரு யோசனை வலுப்பெற்று வந்தது. வழிகாட்டல்களைப் பற்றி மக்கள் முகநூலிலும் டுவிட்டரிலும் எழுதுவதைத் திரட்டிப் படித்து, அதையே பொதுமக்கள் கருத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த யோசனை. உலக சுகாதார நிறுவனம் ‘ஈயர்ஸ்’ என்ற கருவியை உருவாக்கி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள் இணையத்தில் எதைப் பற்றிக் கேட்கிறார்கள், எங்கே குழம்புகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியது. பழைய முறையில் ஒரு வரைவு வெளியாகும்; வாரக்கணக்கில் எழுத்து மூலக் கருத்துகள் கோரப்படும்; கருத்து அனுப்புபவர்கள் பெரும்பாலும் மருத்துவச் சங்கங்களும் மருந்துக் கம்பனிகளுமாகவே இருப்பார்கள். சாதாரண மனிதர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் பேசும் இடத்துக்கே போய்க் கேட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இலங்கையின் கொவிட் காலம் தரும் விடை எளிதானதன்று.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், அலுவிகாரையைக் கடந்து வடக்கே சென்றால் வருவது பலாபத்வல. மிளகும் கறுவாவும் கொக்கோவும் விளையும் மாவட்டம் இது. வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கும். சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் என மூன்று சமூகங்களும் ஒரே பஸ்ஸில் மாத்தளை நகரத்துக்குப் போய் வரும். கொழும்பில் சுகாதார அமைச்சு கையொப்பமிடும் ஒரு சுற்றறிக்கை இத்தகைய ஊருக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று அலுவலக வழி: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கிருந்து பீ.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர், பிறகு வீட்டு வாசல். மற்றது கைத்தொலைபேசி. இரண்டாவது வழி எப்போதும் முந்திவிடும். ஆனால் அந்தத் திரையில் சுற்றறிக்கையும் அதற்கான எதிர்ப்பும் அதைப் பற்றிய வதந்தியும் ஒரே நேரத்தில், ஒரே எழுத்துருவில் வந்து நிற்கும். கொழும்பிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கும் அதே கலவைதான் தெரியும். அதிலிருந்து பலாபத்வல மக்களின் மனதை அறிய முடியுமா என்பதில்தான் இந்த நடைமுறையின் பெறுமதி அடங்கியிருக்கிறது.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். அவை சிறியவை அல்ல.

கட்டாயத் தகனத்தை 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் சட்டமாக்கியது. அதற்கு அடிப்படை, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். காரணமாகச் சொல்லப்பட்டது நிலத்தடி நீர்: அடக்கம் செய்த உடலிலிருந்து வைரஸ் நீரில் கலந்துவிடலாம் என்ற அச்சம். உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டலில் தகனம், அடக்கம் இரண்டையும் அனுமதித்திருந்தது. உயிருள்ள உடலில்தான் வைரஸ் பெருகும் என்றும், இது நீரால் பரவும் நோயன்று என்றும் ஹொங்கொங்கில் பணியாற்றும் இலங்கையரான வைரசியல் பேராசிரியர் மலிக் பீரிஸ் பகிரங்கமாகவே சொன்னார். ஆனாலும் விதி நின்றது. அடக்கம் மார்க்கக் கடமையாக இருக்கும் முஸ்லிம்கள் தங்கள் ஜனாஸாக்களை, அதாவது இறந்தவர்களின் உடல்களை, தகனத்துக்குக் கொடுக்க நேர்ந்தது. கிறிஸ்தவர்கள் பலருக்கும் இதே துயரம்.

2020 டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையின் உடல் பொரளையில் எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதிக்கவில்லை. அந்தச் செய்தி முகநூலில் பரவிய சில நாள்களுக்குள், பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. இறந்தவரைச் சுற்றும் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளை. கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவ குருமார் எல்லோரும் இருந்தார்கள். இரவோடிரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. படங்கள் அதற்குள் நாடெங்கும் போய்விட்டன. வீட்டு வாசல்களிலும் வெளிநாட்டு நகரங்களிலும் வெள்ளைத் துணிகள் தோன்றின.

இந்தப் பதிவுகள் சுகாதார அமைச்சுக்குச் சொன்ன செய்தி என்ன? நிலத்தடி நீர் குறித்து அவை புதிதாக எதையும் சொல்லவில்லை. வழிகாட்டலை எழுதியவர்களின் மேசையில் இல்லாத ஒன்றை அவை கொண்டுவந்து வைத்தன. அந்த ஒற்றை வரி ஒரு தாயின் வீட்டில் என்ன செய்கிறது என்பதே அது. இறந்தவரை எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கினால், விதி தொற்றைத் தடுக்குமா, பரப்புமா என்ற கேள்வியையும் அவை எழுப்பின. இது உணர்ச்சி மட்டுமன்று. பொதுச் சுகாதாரத்துக்கு நேரடியாகத் தேவையான தகவல்.

உலக அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. 2020 மார்ச் 28ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் டுவிட்டரில், கொவிட் காற்றினால் பரவுவதில்லை என்று உறுதியாக அறிவித்தது. காற்றுத் துகள்களை ஆராயும் விஞ்ஞானிகள் அதே தளத்திலேயே மறுத்து வாதிட்டார்கள். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். படிப்படியாக நிறுவனம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ‘நீண்ட கொவிட்’ என்று இன்று மருத்துவர்கள் எழுதும் பெயரும் ஒரு நோயாளியின் பதிவில் பிறந்ததுதான். எலிசா பெரேகோ என்ற தொல்லியல் ஆய்வாளர் 2020 மே மாதம் தன் உடல்நிலையைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். இரண்டு வாரத்தில் குணமாகிவிடும் என்று வழிகாட்டல்கள் சொன்ன நோய் தங்களை மாதக்கணக்கில் விடவில்லை என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அந்நோய்க்கு மருத்துவ வரையறை வகுத்தது. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பியிருந்தால் இது இன்னும் தாமதித்திருக்கும்.

ஆக, வேகம், வழிகாட்டலை எழுதியவர்கள் காணாத விளைவைக் காட்டுதல், பதவியில்லாதவர்களுக்குக் குரல் ஆகிய மூன்றும் இந்த நடைமுறையின் உண்மையான பலம்.

குறைகளுக்கு வந்தால், அதே 2020 டிசம்பரே அவற்றையும் காட்டுகிறது. வெள்ளைத் துணிகள் வேலியில் ஆடிய அதே வாரங்களில், கேகாலையில் ஒரு நாட்டு வைத்தியர் தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைத் தயாரித்து, கொவிட் வராமல் அது தடுக்கும் என்றார். தொலைக்காட்சிகள் காட்டின; முகநூல் ஆயிரக்கணக்கில் பகிர்ந்தது. தொற்றுக் கால விதிகளை மீறி ஆயிரக்கணக்கானோர் கேகாலையில் வரிசையில் நின்றார்கள். அமைச்சர்கள் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார்கள். குடித்தவர்களில் ஒருவரான சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சிக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் மக்கள் கருத்தை எண்ணிக்கையால் அளந்திருந்தால், பாணியும் வழிகாட்டலில் இடம்பிடித்திருக்கும். ஜனாஸாவுக்காக எழுதியவர்களின் கோரிக்கை நியாயமானது. பாணிக்காக எழுதியவர்களின் நம்பிக்கை ஆதாரமற்றது. பகிர்வுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் வேறுபடுத்த வழியே இல்லை.

இதற்கும் முந்திய பாடங்கள் இருந்தன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வீடியோ முகநூலில் பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. சில நாள்களில் மாத்தளைக்கு அடுத்த கண்டி மாவட்டத்தில், முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் திகன எரிந்தது. அரசு ஒரு வாரத்துக்கு முகநூலை முடக்கியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைக் கண்டறியவும் அகற்றவும் போதிய ஆளும் ஏற்பாடும் அப்போது அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதம் அது இதற்காக மன்னிப்புக் கோரியது. இங்கே வதந்தியின் உடை சுகாதாரம். உள்ளே இருந்தது இனப்பகை. சமூக வலைத்தளத்தைச் சுகாதாரக் கருத்துக் களமாக வாசிக்கப் போகிறவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பதிவையும் எடை போட முடியாது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். 2017 பெப்ரவரியில் தமிழ்நாடு தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியது. வட்ஸ்அப்பில் பரவிய குரல் பதிவுகளையும் செய்திகளையும் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பாடசாலைக்கே அனுப்பத் தயங்கினார்கள். இயக்கத்தை மார்ச்சுக்கும் நீட்டிக்க நேர்ந்தது. ஆனால் அந்த வதந்திகளுக்கு உள்ளேயும் ஓர் உண்மையான முறைப்பாடு இருந்தது. ஊசி எதற்கு, முன்பே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும் போட வேண்டும், சம்மதம் எப்படிக் கேட்கப்படும் என்பவற்றைப் பெற்றோரிடம் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. வதந்தியை மறுத்தால் மட்டும் போதாது. அது எந்த வெற்றிடத்தில் புகுந்தது என்றும் பார்க்க வேண்டும். பதிவுகளைப் படிப்பதன் பயன் இங்கேதான்.

எண்ணிக்கையின் மேல் நம்பிக்கை வைப்பவர்களுக்கு அமெரிக்கா ஒரு எச்சரிக்கை. 2017இல் இணையச் சமநிலை விதிகள் பற்றி அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கோரியது. சுமார் 2 கோடியே 20 இலட்சம் கருத்துகள் குவிந்தன. நியூயோர்க் சட்டமா அதிபரின் விசாரணை 2021இல் முடிந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் போலி என்று தெரியவந்தது. 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் 77 இலட்சம் கருத்துகளை அனுப்பியிருந்தார். முறையாகத் திறந்து வைத்த அரச வாயிலிலேயே இப்படி என்றால், யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்று தெரியாத தளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாம் சத்தத்தின் குறைகள். மௌனத்தின் குறை இவற்றைவிடப் பெரியது.

மாத்தளையின் தோட்டங்களில் லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்தாறு பேர், பொதுக் குழாய், பொதுக் கழிவறை. 2021 நடுப்பகுதியில் கொவிட் நோயாளிகளை வீட்டிலேயே பராமரிக்கும் திட்டம் வந்தது. 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பதிவு செய்யலாம் என்றார்கள். தனியறை, காற்றோட்டம் என்று வழிகாட்டல் எதிர்பார்த்த எதுவும் லயத்தில் கிடையாது. நாட்டிலேயே இந்த வழிகாட்டல் மிகக் கடுமையாக முட்டிக்கொண்ட இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பற்றி லயத்திலிருந்து எத்தனை பதிவுகள் வந்திருக்கும்? கணினி, டிஜிட்டல் அறிவு பற்றிய அரச கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டம் எப்போதும் கடைசியில்தான் நிற்கிறது. அந்த ஆண்டுகளில் மலைநாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக சிக்னல் தேடி மலையேறியதை நாடே படங்களில் பார்த்தது. வகுப்புக்கே சிக்னல் கிடைக்காத வீட்டிலிருந்து வழிகாட்டலைப் பற்றிய கருத்து வருமென்று காத்திருப்பதில் பொருளில்லை. பதிவுகளை மட்டும் பார்த்தால், ஒரு விதியால் அதிகம் துன்பப்படுபவர்களே அதைப் பற்றி முறைப்பாடு இல்லாதவர்களாகத் தோன்றுவார்கள்.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. கொவிட் அறிவித்தல்கள் பல சிங்களத்தில் முதலில் வந்து, தமிழில் பிந்தியோ பிழையோடோ வந்தன. மக்கள் எழுதும் பதிவுகளிலும் தமிழ் ஆங்கில எழுத்தில் வரும். சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். மலையகத் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் வேறு வேறு ஓசையில் வரும். ஆங்கிலத்துக்காகச் செய்த கருவிகள் இவற்றின் மனநிலையைக் கணிக்கும்போது தடுமாறும். ஜனாஸா என்ற சொல்லோடு ஒரு வீட்டுக்குள் வரும் கனத்தை அந்தச் சூழலைத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் வாசிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். ஏ9 வீதியில் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வருமுன் கடக்கும் கட்டுகஸ்தோட்டையில் வாழ்ந்த றம்ஸி ராசிக், ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். முகநூலில் சமூக விடயங்களை எழுதுபவர். ஜனாஸா எரிப்பு தொடங்கி, முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பும் பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரல் 2ஆம் திகதி, அந்த வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று எழுதினார். ஒரு வாரத்தில் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியல், செப்டெம்பரில்தான் பிணை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகள் கழித்து. அதற்குள் எத்தனை பேர் எழுத நினைத்ததை எழுதாமல் விட்டிருப்பார்கள் என்பதை எந்தக் கருவியும் அளக்காது. 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. ஒரு கையால் பதிவுகளைக் கருத்தாகத் திரட்டி, மறு கையால் பதிவிட்டவரைத் தேடும் அரசுக்கு உண்மையான கருத்து வந்து சேராது.

எழுதியவருக்கு மட்டுமன்றி, எழுதப்பட்டவருக்கும் இழப்பு உண்டு. 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெளிப்பட்டபோது, முதலில் அடையாளம் காணப்பட்ட பெண் தொழிலாளியைச் சமூக வலைத்தளங்கள் அவதூறால் துரத்தின. அவ்வாறான பதிவுகளையும் ‘மக்கள் உணர்வு’ என்ற தலைப்பில் அட்டவணையில் சேர்ப்பது, ஒரு நோயாளிக்குச் செய்த கொடுமையைத் தரவாக்கி மரியாதை கொடுப்பதாகும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, தகன விதியை மாற்றியது எது என்று கேட்டால் விடை மேலும் சிக்கலாகிறது. விதியை எதிர்த்த அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காமல் தள்ளுபடி செய்தது. அம்மாத இறுதிக்குள், பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு இரண்டு முறைகளையும் பாதுகாப்போடு அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரித் தொடக்கத்தில் அதே கருத்தை வெளியிட்டது. அறிவியலின் விடை கிடைத்துவிட்டது. விதி அப்படியே இருந்தது. பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ நாடாளுமன்றத்தில் அடக்கம் அனுமதிக்கப்படும் என்றார். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் டுவிட்டரில் அதை வரவேற்றார். அடுத்த நாளே அரசு பின்வாங்கியது. இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போன மறுநாள், பெப்ரவரி 25ஆம் திகதி, வர்த்தமானி மாறியது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

ஆகவே பதிவுகள் விதியை மாற்றின என்று பெருமைப்பட முடியாது. பதிவுகள் பயனற்றவை என்றும் தள்ள முடியாது. பொரளை வேலியின் படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பிரச்சினை இவ்வளவு எளிதாகக் கொழும்பைத் தாண்டியிருக்காது. வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் மேசைக்கும் போயிருக்காது. ஆனால் உள்நாட்டில் அந்தக் குரலைக் கேட்டு, நிபுணர் குழுவின் விடையோடு பொருத்திப் பார்த்து, இந்தக் காரணத்தால் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. கேட்கும் காது இல்லாத இடத்தில் குரல் வெளிநாடு சுற்றித்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.

அடுத்து நடந்தது இன்னும் தெளிவான பாடம். அடக்கத்துக்கு இடமாக மார்ச் 2ஆம் திகதி கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவை அரசு அறிவித்தது. அங்கு வாழ்பவர்கள் தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள். போரால் 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல்தான் சொந்தத் தீவுக்குத் திரும்பியவர்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. முகநூல் பலத்தால் அன்றி, குருமாரோடு கரையில் கூடி நின்று அவர்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். தீவுத் திட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. அடுத்த ஓராண்டில் அங்கு 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், சில நூறு பேர் பிற மதத்தவர். ஒரு சமூகத்தின் நியாயமான கோரிக்கையை ஏற்ற கையோடு, பதிவிடாத இன்னொரு சிறு சமூகத்தின் தலையில் தீர்வைச் சுமத்தப் பார்த்தது அரசு. பதிவுகளை மட்டும் படிப்பவர்கள் இரணைதீவு போன்ற இடங்களில் மீண்டும் மீண்டும் தவறுவார்கள்.

பதிவை என்னவாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அதை வாக்காக எண்ணினால் பாணி வெல்லும். குற்றமாகப் பார்த்தால் றம்ஸி ராசிக் சிறைக்குப் போவார். முறைப்பாடாக எடுத்துக்கொண்டால் மட்டுமே அது பயன் தரும். முறைப்பாட்டைப் பெற்றவர் அதை விசாரிக்க வேண்டும், சம்பந்தப்பட்ட இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் நியாயமான முறைப்பாடு நியாயமானதுதான். இலட்சம் பேர் பகிர்ந்தாலும் ஆதாரமற்றது ஆதாரமற்றதுதான்.

இப்படிக் கேட்பது நடைமுறையில் முடியாததா? 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது இறந்தவர்களின் உடல்களிலிருந்து உண்மையாகவே தொற்று பரவியது. ஆரம்பத்தில் குடும்பத்தை விலக்கிவிட்டு உடல்கள் அகற்றப்பட்டன. மக்கள் உடல்களை மறைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், செஞ்சிலுவை அமைப்பினரோடும் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடும் பேசி, பாதுகாப்பும் கண்ணியமும் உள்ள நல்லடக்கத்துக்கான புதிய நெறிமுறையை வெளியிட்டது. நீரில்லாமல் தூய்மைப்படுத்தும் தயம்மும் செய்வதும் கபனிடுவதும் அதில் இடம்பெற்றன. கொவிட்டைவிடப் பல மடங்கு கொடிய நோயில், அதைவிட வறிய நாடுகளில், சமூக வலைத்தளத்தின் துணை பெரிதாக இல்லாமலே, ஊர் மக்களைக் கேட்டு வழிகாட்டலை மாற்ற முடிந்தது.

பலாபத்வல போன்ற ஊருக்கு அந்த ஏற்பாடு புதிதாகத் தேவையில்லை; பாதி ஏற்கெனவே இருக்கிறது. எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று குடும்ப நல உத்தியோகத்தருக்குத் தெரியும். டெங்கு நுளம்பைத் தேடிக் கொல்லைப்புறம் வரை பீ.எச்.ஐ. போகிறார். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் விகாரையும் தோட்டத்துத் தலைவர்களும் ஊரின் நாடி தெரிந்தவர்கள். குறை என்னவென்றால், இவர்கள் மேலிருந்து வரும் சுற்றறிக்கையைக் கீழே கொண்டுபோகிறார்கள். கீழே கேட்டதை எழுதி மேலே அனுப்ப அவர்களிடம் ஒரு படிவம்கூட இல்லை. முகநூலில் ஒரு விதியைப் பற்றிப் புகைச்சல் எழுந்தால், அது கொழும்பின் புகைச்சலா, ஊரிலும் அப்படித்தானா என்று ஒரு வாரத்துக்குள் சொல்லக்கூடியவர்கள் இவர்களே. முகநூல் பேசாமல் இருக்கும்போது லயத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்களும் இவர்களே.

அதற்கு அமைச்சு சில கடமைகளை ஏற்க வேண்டும். வழிகாட்டலின் வரைவை மூன்று மொழிகளிலும் ஒரே நாளில், காரணத்தோடு வெளியிட வேண்டும். காரணத்துக்கான ஆதாரத்தை வெளியிடாததால்தான் நிலத்தடி நீர் வாதம் மாதக்கணக்கில் சோதனைக்கு உட்படாமல் நின்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கும் நாட்டில், நிபுணர் குழு அறிக்கைக்காகக் குடிமகன் விண்ணப்பித்துக் காத்திருக்கத் தேவையில்லை. அது தானாகவே மேசைக்கு வரவேண்டும். பதிவுகளைப் படிக்கும் குழுவில் சிங்களமும் தமிழும் வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் இருக்க வேண்டும். துன்பத்தைச் சொல்லும் பதிவு, அறிவியலைக் கேள்வி கேட்கும் பதிவு, வதந்தி ஆகிய மூன்றையும் அவர்கள் பிரிக்க வேண்டும். முதலாவதற்கு நிவாரணமும் இரண்டாவதற்கு நிபுணர் பதிலும் மூன்றாவதற்கு விளக்கமும் தர வேண்டும். ஒரு குறித்த காலத்துக்குள், எதை ஏற்றோம், எதை ஏன் மறுத்தோம் என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். கருத்துக்காகத் திரட்டிய எந்தப் பதிவும் பெயரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகக்கூடாது என்பதைச் சட்டமே உறுதிப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி உறுதி இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் வீண்.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை, கட்டாயத் தகனத்தால் பாதிக்கப்பட்ட எல்லாச் சமூகங்களிடமும் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பாதுகாப்பான அடக்கத்தால் வைரஸ் பரவவில்லை என்று ஆய்வு காட்டியதையும் அரசு ஒப்புக்கொண்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பதும் பதிவானது. இறந்தவரை அடக்கம் செய்வதா தகனம் செய்வதா என்று குடும்பமே தீர்மானிக்கும் உரிமையைச் சட்டமாக்குவதாகவும் வாக்களிக்கப்பட்டது. ஆனால் நிபுணர் குழு அனுமதிக்கலாம் என்று சொன்ன 2020 டிசம்பருக்கும் வர்த்தமானி மாறிய 2021 பெப்ரவரி 25க்கும் இடையில், அந்தப் பரிந்துரையை யார், எந்தக் காரணத்துக்காக நிறுத்தி வைத்தார் என்ற கேள்வி மன்னிப்போடு தீரவில்லை. அந்த வாரங்களில் எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அதை முகநூலில் எத்தனையோ முறை எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு வர வேண்டியது எழுத்தில், மூன்று மொழிகளிலும், பொறுப்பானவரின் கையொப்பத்தோடு ஒரு பதில்.